பாதி ஆளின் கடைசி கோல்

"இன்னிக்கு நான் கோல் போட்டாலும் கொண்டாட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்," என்றான் லோரிஸ், காபியைக் கலக்கிக்கொண்டே.

அவன் மனைவி ஒர்நெல்லாவுக்குக் கையிலிருந்த ரஸ்க்கை அவன் தலையில் எறியலாம் போலிருந்தது. மதியம் கடைசி ஆட்டம். சீசனுக்கு மட்டுமல்ல, அவனுக்கும்தான். முப்பத்தேழு வயதில் முட்டி இரண்டும் போதும் போதும் என்று கெஞ்சிவிட்டன. இன்றோடு பூட்ஸைக் கழற்றுகிறான். இன்றைக்குமா இந்தப் பேச்சு?

விஷயம் இதுதான். பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் குதிக்கக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி, மன்னித்துவிடுங்கள் என்பதுபோல் நிற்க வேண்டும். சோறு போட்ட இடத்துக்குக் காட்டும் மரியாதையாம். எல்லா ஆட்டக்காரனும் செய்கிறதுதான், ஆனால் மற்றவர்களுக்குப் பழைய கிளப் என்று ஒன்றோ இரண்டோ இருக்கும். லோரிஸைப் பத்தொன்பது வயதிலிருந்து ஊர் ஊராக இரவல் கொடுத்திருந்தார்கள், பக்கத்து வீட்டு ஏணி மாதிரி. மூன்றாம் டிவிஷனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் போட்டுக் கழற்றிய ஜெர்சிதான். அத்தனை ஊரிலும் கிளப் காட்டிய வீட்டில் போய்க் குடித்தனம் செய்தவள் ஒர்நெல்லா.

டிஃபெண்டர் கோல் போடுவதே அபூர்வம். இந்த மனுஷன் போட்ட சொற்பமும் பழைய கிளப்புகளுக்கு எதிராகவே அமைந்து தொலைத்தது. ஒவ்வொரு தடவையும் பிடிபட்ட பிக்பாக்கெட் போல கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கேலரியில் அவள் கத்தவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிப்பாள். கோல் போட்டுவிட்டு அவன் ஆசை தீர ஓடி அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், இத்தனை வருஷத்துப் பாடும் செரித்துவிடும் என்று நினைத்திருந்தாள். இன்றைய எதிரணி வல்தோர்சா, அவன் ஆடாத ஒரே கிளப். விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

"வல்தோர்சாவுல நீ என்னிக்கு ஆடின?"

"ஆடலை. ஆனா எனக்கு இருபத்தொண்ணு வயசாகும்போது என்னைப் பாதி வாங்கி வெச்சிருந்தாங்க."

அப்போது அப்படியும் ஒரு கூத்து இருந்தது. இரண்டு கிளப்புகள் ஒரே ஆட்டக்காரனை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளும். ஒன்று ஆட விடும், மற்றது பாதி உரிமையோடு சும்மா உட்கார்ந்திருக்கும். வல்தோர்சா அவனை ஒரு நாள் பயிற்சிக்குக்கூடக் கூப்பிடாமல், கடைசியில் அந்தப் பாதியையும் வேண்டாமென்று கைகழுவியது.

"எந்தப் பாதி?" என்றாள். "இடுப்புக்கு மேலயா, கீழயா? கீழ்ப்பாதின்னா தலையால கோல் போட்டுட்டு நல்லா குதி!"

"கேலி பண்ணாதே. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வேணாம்னு தூக்கிப் போட்டவனுக்கு மரியாதை! கூடவே அலைஞ்சவளுக்கு ஒண்ணுமில்ல! போ சாமி, போ. உன்னோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல."

அவன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஜெயித்தால்தான் லோரிஸின் இப்போதைய கிளப் கஸ்தெல்ரோவோ மூன்றாம் டிவிஷனில் தங்கும். சமன் ஆனாலும் கீழே இறங்க வேண்டியதுதான். ஊரே கேலரியில் இருந்தது. ஒர்நெல்லாவுக்குப் பக்கத்தில் கோல்கீப்பரின் மனைவி டெபோரா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மருந்துக்கடை பாஸ்குவினி. முதல் பாதியில் லோரிஸ் எதிரணி ஆள் ஒருவனின் ஜெர்சியைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்கியதிலிருந்து, "கிழவனை வீட்டுக்கு அனுப்புங்கய்யா" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கஸ்தெல்ரோவோவுக்கு ஒரு கார்னர். பந்து கூட்டத்துக்கு மேலே வந்தது. லோரிஸ் எழும்பி நெற்றியால் முட்டினான். கோல்!

கேலரி வெடித்தது. ஒர்நெல்லா டெபோராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், அட பாவி மனுஷா! கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஏன் கையைத் தூக்கறான்?" என்றார் பாஸ்குவினி. "கையில பட்டுருச்சா? இவனே ஒத்துக்கறானா?"

அவன் வல்தோர்சாவின் பாதி ஆள் என்பது இந்தப் பூமியில் யாருக்குத் தெரியும்? கேலரி கப்பென்று அடங்கியது. ரெஃப்ரியும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஓடிவந்து, தன் கையைத் தட்டிக்காட்டி என்னவோ கேட்டார். லோரிஸ் பதறி இல்லையென்று தலையாட்டினான், நெஞ்சைத் தொட்டான், வல்தோர்சா ஆட்களைக் காட்டினான். ரெஃப்ரி அவர்களுடைய கேப்டனிடம் போய்க் கேட்டார். இவனா, யாரிவன் என்று அவன் உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் லைன்ஸ்மேனிடமும் பேசிவிட்டு, ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டினார். கோல் செல்லும்.

வல்தோர்சா ரசிகர்கள் கேலியாக விசிலடித்து லோரிஸின் அம்மாவை வம்புக்கு இழுத்தார்கள். அவன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கிய கை இன்னும் பாதியில் தொங்கியது.

ஒர்நெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சின்மேல் ஏறினாள்.

"லோரிஸ்! அவங்களுக்கு உன்னை யாருன்னே தெரியல! ஓடு மனுஷா! ஒரு தடவையாவது ஓடித் தொலை!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்புறம் ஓடினான். ஓட்டமா அது! முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, வாயைப் பிளந்து கத்திக்கொண்டு நேராக அவளைப் பார்த்து வந்தான். ஜெர்சியைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினான், கம்பிவேலியில் பாதி ஏறினான். ஒர்நெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். அவனுக்குப் பின்னால் ரெஃப்ரி வருவதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆக, சிவப்பு; ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

"ஐயோ, நான்தானே கத்தினேன்," என்றாள்.

"நீங்களேதான்!" என்று அலறினார் பாஸ்குவினி. "கீழ போனா உங்களைத்தான் கேப்பேன்!"

அவளால் அங்கே உட்கார முடியவில்லை. படியிறங்கி ஓடினாள். கேலரிக்கு அடியில், தரையோடு தரையாக டிரஸ்ஸிங் ரூமின் கம்பி ஜன்னல் இருந்தது. அங்கிருந்து கஸ்தெல்ரோவோவின் கோல் கம்பங்கள் கைக்கெட்டும் தூரம். உள்ளே இருந்த லோரிஸுக்குச் சுவர்தான் தெரியும்.

"என்ன நடக்குது, சொல்லு!" என்றான் உள்ளிருந்து.

"அவங்களுக்குக் கார்னர்."

"முதல் கம்பத்துல யாரு?"

"முதல் கம்பம்னா எது?"

"பந்து அடிக்கறவனுக்குப் பக்கத்துல இருக்கறது! நான் நிக்கற இடம்! யாரு நிக்கறா?"

பார்த்தாள். அந்த இடத்தில் ஈ காக்காய் இல்லை.

"யாருமில்ல!"

"கத்து! மீர்கோவைக் கூப்பிடு!"

மீர்கோ முன்வரிசை ஆட்டக்காரன். கோல் போட மட்டுமே தெரிந்தவன், எங்கே நிற்பதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான். ஒர்நெல்லா வேலியைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினாள். "மீர்கோ! அந்தக் கம்பத்துக்குப் போ! லோரிஸ் எடம்! போய் நில்லுடா, நகர்ந்தியோ தோலை உரிச்சிடுவேன்!"

வைதது அவன் காதில் விழுந்தது. போய் நின்றான். பந்து சீறிக்கொண்டு அங்கேயேதான் வந்து, அவன் தோளில் பட்டு வெளியே தெறித்தது. ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார்.

"என்ன ஆச்சு? ஒர்நெல்லா, யார் கத்தறாங்க?"

"நம்மாளுங்க. தங்கிட்டோம்."

மண்டியிட்டுக் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தாள். மேல்சட்டை இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, ஜெர்சியில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தான். எத்தனையோ ஊரில் வேண்டாமென்று அனுப்பியபோதும் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கம்பிக்குள் கையை விட்டாள். எட்டவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் சொன்னான்: "சிவப்பு வாங்கிட்டேன். அடுத்த சீசன்ல ஒரு மேட்ச் தடை இருக்கும். அதை அனுபவிக்காம விலகினா முறையில்லை."

"கடவுளே, இவனை என்ன பண்றது! வீட்டுல உக்காந்து அனுபவி, என் பக்கத்துல."

"எந்த வீட்டுல?"

இப்போதிருக்கும் வீட்டை மாதக் கடைசியில் கிளப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஊர் இது என்று சொல்ல இனி யாரும் இல்லை.

"நாமளே தேடிப் பிடிக்கப்போற வீட்டுல," என்றாள். "முதல்ல சட்டையைப் போடு, சளி பிடிச்சுக்கும்."