டிக்கியில் ஒரு கொடி

சாப்பாட்டு மேஜை மேல் போர்வையை விரித்து டீச்சர் கொடிக்கு இஸ்திரி போட்டார். சின்னத்தின் மேல் பெட்டியை அழுத்தக்கூடாது, சாயம் ஒட்டிக்கொள்ளும். ஓரங்களை மட்டும் அழுத்தி மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டார்.

மேஜையின் ஒரு காலுக்கு அடியில் கணவரின் உறுப்பினர் அட்டை இருந்தது. மில்லை மூடும் ஒப்பந்தத்தில் கட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட அன்று வேலை இழந்து வீட்டுக்கு வந்தவர், குனிந்து அதை அங்கே சொருகினார். அதன் பிறகு அவர் கட்சி ஆபீஸ் வாசலை மிதிக்கவில்லை. மேஜையும் ஆடவில்லை. டீச்சர் கட்சியிலேயே இருந்தார். இரண்டைப் பற்றியும் வீட்டில் பேச்சு வந்ததில்லை.

"இன்னிக்கு யாருக்கு?" பக்கத்து அறையிலிருந்து கணவர் கேட்டார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் சொற்கள் காற்றாகவே வந்தன.

"அச்சகக்காரரோட அப்பாவுக்கு."

"போயிட்டாரா?"

"ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்க. வீட்டுக்குக் கொண்டுபோறாங்களாம். நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிடும்னு தம்பி சொல்றான்."

"எமனுக்கு முன்னாடி உன் தம்பி போயிடுவான் போல."

டீச்சர் சிரிக்கவில்லை. கணவர் சிரித்தார், இருமினார், நிறுத்தினார்.

கட்சியில் உறுப்பினர் ஒருவர் இறந்தால் உடல்மேல் கொடி போர்த்துவார்கள். ஓர் உடலுக்கு ஒரு கொடிதான். மேல்மட்டத்திலிருந்து முதலில் வருகிறவர் போர்த்துவார். பின்னால் வருகிறவர்கள் மலர்வளையம் வைத்துவிட்டு நிற்கலாம். இது எந்த விதியிலும் எழுதியில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை.

துணைத் தலைவர் பதவி காலியான பிறகு போட்டி டீச்சருக்கும் வக்கீலுக்கும் என்றானது. பொதுக்குழுவில் மாவட்டப் பிரதிநிதிகள் ஓட்டுப் போடுவார்கள். வாய்திறந்து ஓட்டுக் கேட்டால் பதவிக்கு அலைகிறவன் என்று பெயர் வரும். துக்க வீட்டில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவின் மேல் கொடி போர்த்திய கையை மகன் மறக்கமாட்டான். அதனால் இருவரும் சாவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சரின் தம்பி ஆஸ்பத்திரி வார்டுகளிலும் ஆம்புலன்ஸ் ஸ்டாண்டிலும் ஆள் வைத்திருந்தான். அவனுக்கு எல்லாரையும்விட முந்திச் சொல்பவர் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிற கடைக்காரர். சொந்தக்காரர்களுக்கே தெரியாத செய்தி அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாத்தனார் வந்தாள். டீச்சர் வெளியே போகும் நாள்களில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது அவள்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணி, நகம் எல்லாம் நீலமா இருக்கு. இன்னிக்குப் போகத்தான் வேணுமா?"

டீச்சர் அறைவாசலில் போய் நின்றார்.

"போயிட்டு வரட்டும்," என்றார் கணவர். "இங்க உக்காந்து எனக்குப் பதிலா இவளா மூச்சு விடப்போறா?"

"சீக்கிரம் வந்துடறேன்."

"டீச்சர்." வீட்டிலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நான் போனா அந்தத் துணி என் மேல படக்கூடாது."

"தெரியும்."

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்றாங்க. வாயால சொல்லு."

"படாது."

"டீச்சர் சொன்னா சரி."

தம்பி கீழே ஹாரன் அடித்தான்.

*

காரில் தம்பி மட்டும் பேசினான். மற்ற மாவட்டங்கள் பாதிக்குப் பாதி. அச்சகக்காரர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கம் அவர் மாவட்டம் மொத்தமாகச் சாயும். அவர் இன்னும் காட்டவில்லை.

"வக்கீல் கோர்ட்டுல இருக்கார். மத்தியானம் வரைக்கும் நகர முடியாது. நமக்குத்தான் முதல் கொடி."

டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைகள், பள்ளிக்கூடச் சுவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். கொடி டிக்கியில் இருந்தது. பின்சீட்டில் மலர்வளையம் சாய்ந்திருந்தது. வண்டி திரும்பும்போதெல்லாம் ஈரப் பூ வாசம் வந்தது.

கீழே அச்சகம், மேலே வீடு. தம்பி காரை நிறுத்தி மலர்வளையத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். டீச்சருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வாசலில் நாற்காலிகள் இல்லை. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சாவு வீட்டில் மெஷின் ஓடாது.

"தம்பி," என்றார். அதற்குள் அச்சகக்காரர் கையில் மையோடு வெளியே வந்துவிட்டார்.

வளையத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி வளையத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தான். அது அவனைவிட அகலமாக இருந்தது.

"வேற ஒரு இடத்துக்குப் போறோம் அண்ணே. அப்படியே வழியில பெரியவரைப் பாத்துட்டு..."

அச்சகக்காரர் ரிப்பனை விரலால் பிரித்தார். அதில் அவர் அப்பாவின் பெயர் இருந்தது. எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவர், நிதானமாகப் படித்தார்.

"எழுத்து நல்லா விழுந்திருக்கு. எங்க அடிச்சீங்க?"

தம்பி டீச்சரைப் பார்த்தான்.

"நம்மகிட்டயே குடுத்திருக்கலாம்," என்றார். வளையத்தைத் தம்பியிடமிருந்து வாங்கிக் காகிதக் கட்டுகளின் மேல் வைத்தார். "மேல வாங்க டீச்சர். அப்பா முழிச்சுட்டுத்தான் இருக்கார்."

பெரியவர் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். கண் மட்டும் தெளிவாக இருந்தது. ஒருகாலத்தில் கட்சியின் நோட்டீஸ்கள் எல்லாம் அவர் கையால் அச்சடித்தவை.

"டீச்சரா? உக்காரு. வக்கீல் நேத்தே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனான்."

"அப்படிங்களா?"

"வெறுங்கையோட வந்தான். நீ தேவலை."

தம்பி தரையைப் பார்த்தான். பெரியவருக்குக் கீழே நடந்தது கேட்டிருக்கிறது.

"மில்காரன் எப்படி இருக்கான்?"

"இருக்கார். குழாய் வெச்சிருக்கு."

"கோபக்காரன். அவன் சொன்னது சரிதான். அன்னிக்கு நாங்க யாரும் எந்திரிச்சு நிக்கல." கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் பத்து நிமிடம்போல உட்கார்ந்துவிட்டு எழுந்தார். அச்சகக்காரர் கதவோரம் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"கிளம்பிட்டீங்களா?"

"அவர் வீட்டுல தனியா... உடம்பு சரியில்ல."

"சாயந்திரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கொண்டுவந்ததை வெச்சுட்டே போகலாம்." குரலை உயர்த்தவில்லை. "இப்ப எந்திரிச்சுப் போனா, இவர் சாகலேன்னு போன மாதிரி இருக்கும்."

டீச்சர் உட்கார்ந்தார்.

கீழே மெஷின் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டில் லேசாக அதிர்ந்தது. பெரியவரின் மூச்சு ஏறி இறங்கியது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அது நின்றதுபோல இருந்தபோது தன் முதுகு நிமிர்வது அவருக்கே தெரிந்தது. மறுபடி மூச்சு வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, வந்துடுங்க. கேட்டுக்கிட்டே இருக்கார்."

தம்பியையும் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்து டீச்சர் அவனிடம் கார் சாவியைக் கேட்டார். தம்பி தரவில்லை.

"அக்கா, மாமாவுக்கு இப்படி எத்தனை தடவை வந்து சரியாகியிருக்கு? போன மாசம்கூட இப்படித்தான் அலறியடிச்சு ஓடினோம். போனா சூப் குடிச்சுக்கிட்டு இருந்தார்."

"கேக்கறாராம்டா."

"கேப்பார். ராத்திரி போய்ப் பேசலாம். இந்த வீட்டை விட்டுட்டுப் போனா மாவட்டம் போச்சு. மாவட்டம் போனா எல்லாம் போச்சு. அந்த வளையத்தோட இவர் நம்மளைப் பாத்துட்டாரு அக்கா. அதை வேற எப்படி அழிக்கிறது?"

டீச்சர் நாத்தனாரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு மேலே போனார். பெரியவர் தூங்குகிறார் என்று போனின் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் வைத்தார்.

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தது. அச்சகக்காரரின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. பெரியவர் ஒருமுறை கண் திறந்து, "இன்னும் இருக்கியா?" என்றார். தன்னைக் கேட்கிறாரா, பெரியவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாரா என்று டீச்சருக்குப் புரியவில்லை.

தம்பியின் போன் அடித்தது. குளிர்பெட்டிக் கடைக்காரர். எப்போதும்போல மூலைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினான்.

"சொல்லுங்க. எங்க?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "எந்தத் தெரு?"

பேனா மூடியை அவன் திறக்கவில்லை.

"வேற யாருக்காவது சொன்னீங்களா?" என்று கேட்டான். பழக்கத்தில் வந்த கேள்வி. பதிலைக் கேட்டுக்கொண்டே திரும்பினான்.

"அக்கா," என்றான். "எந்திரி."

டீச்சர் பையிலிருந்து போனை எடுத்தார். நாத்தனார் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள்.

*

தெருமுனையிலேயே கார்கள் நின்றன. வக்கீலின் வெள்ளைக் கார் வீட்டு வாசலில்.

கூடத்தில் இடம் வேண்டும் என்று மேஜையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். குளிர்பெட்டி இன்னும் வரவில்லை. பெஞ்சில் அவர் கிடந்தார். குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய கோடு. தாடையிலிருந்து கணுக்கால் வரை கொடி. வக்கீலின் கொடி. மடிப்புகூடக் கலையவில்லை.

நாத்தனார் தலைமாட்டில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். வக்கீல் கேக்கல. டீச்சர் வந்து வேண்டாம்னா எடுத்துடலாம்னார்."

"கடைசியில..." என்றார் டீச்சர்.

"அண்ணி எங்கேன்னார். வந்துக்கிட்டு இருக்காங்கன்னேன்."

வக்கீல் அருகில் வந்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"அவர் கட்சியை விட்டார்மா. கட்சி அவரை விடல." இது எல்லோருக்கும் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "உங்களுக்கு விருப்பமில்லேன்னா சொல்லுங்க. நானே எடுத்துடறேன். இவங்க முன்னாடியே."

இவங்க என்றால் பிரதிநிதிகள். சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இந்த ஒரு மாதமாக எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் பார்க்கிற அதே முகங்கள். படம் எடுக்கிறவர் வாசற்படியில் ஏறி நின்றார்.

டீச்சர் கொடியின் ஓரத்தைப் பிடித்தார். துணி விறைப்பாக இருந்தது. அவர்களும் நன்றாகத்தான் இஸ்திரி போடுகிறார்கள்.

"அக்கா," என்றான் பின்னால் தம்பி.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. அச்சகக்காரர் வந்தார். கையைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். கையில் மலர்வளையம்.

"அப்பா இன்னும் இருக்கார்," என்றார் டீச்சரிடம். "அவர்தான் போகச் சொன்னார். மில்காரன் வீட்டுக்கு முதல்ல போடான்னார்."

வளையத்தைக் கால்மாட்டில் சாய்த்து வைத்தார். காலையில் டீச்சர் கொண்டுபோன அதே வளையம். ரிப்பன் மட்டும் புதிது. அதில் கணவரின் பெயர் இருந்தது, மை இன்னும் முழுதாகக் காயவில்லை.

"வீணாப் போகக்கூடாதுன்னு மாத்தினேன். எங்க மாவட்டம் சார்பா. நீங்க எங்க வீட்டுல உக்காந்திருந்தீங்க. அதனாலதான் இங்க இருக்க முடியல. எங்க ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்."

தம்பி மூச்சு விடுவது கேட்டது. வக்கீல் கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

டீச்சரின் விரல்கள் இன்னும் கொடியின் ஓரத்தில்தான் இருந்தன.

அச்சகக்காரர் பின்னால் நகர்ந்தபோது காலடியில் எதையோ பார்த்துக் குனிந்தார். மேஜை முன்பு நின்ற இடம். நான்காக மடித்த அட்டை. பிரித்துத் தூசியை ஊதினார்.

"எங்க அச்சகத்துல அடிச்சது. அப்பா அச்சுக் கோத்த எழுத்து." பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார். "இத்தனை வருஷம் வெச்சிருந்திருக்கார்."

அட்டை கைமாறிப் போனது. ஒரு வயதான பிரதிநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், இது தோழரோடதுதானே?" என்று கேட்டார் படம் எடுக்கிறவர். "வீட்டுல பத்திரமா வெச்சிருந்தாரா?"

நாத்தனார் தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள். மேஜையைத் துடைக்கிற நாளெல்லாம் அந்தக் கால் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தவள் அவள்.

"அவரோடதுதான்," என்றார் டீச்சர்.

"பத்திரமா?"

"ஆமா."

நாத்தனார் எழுந்து உள்ளே போனாள். ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்த அறையின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

டீச்சர் கொடியை இழுத்தார். வெளியே தெரிந்த பாதங்கள் மறையும் வரை கீழே இழுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். சின்னம் நெஞ்சுக்கு நேராக வந்தது. அச்சகக்காரர் அட்டையை அதன்மேல் வைத்தார்.

"டீச்சர், கையை அட்டை பக்கத்துல. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

அவர் கையை வைத்தார். அட்டையின் ஒரு மடிப்பின் நடுவில் மேஜைக்காலின் வட்டத் தடம் பதிந்திருந்தது. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் அது தெரியவில்லை.