……றேன்

1

இந்தக் கதை ஒரு சரித்திரக் காதல் நாவல் மேல் வந்த ஏமாற்றத்தில் பிறந்தது. ஏமாந்தவள் போடிநாயக்கனூர் சூர்யகலா. இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவளேதான். ‘நான்’ என்று எழுதினால் அழுகை வந்துவிடும் என்பதால் ‘அவள்’ என்று வைத்திருக்கிறாள். கண்டுகொள்ளாதீர்கள்.

2

போடிமெட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு…

(வேண்டாம். பனி எல்லார் கதையிலும்தான் இறங்குகிறது.)

புத்தகத்தை வாங்கி வந்தவன் அவள் புருஷன் சுருளி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். கல்யாணம் ஆனதிலிருந்து பூவும் அல்வாவும் வாங்கியிருக்கிறானே தவிர, புத்தகம் இதுதான் முதல். தலையணை தண்டிக்குக் கனம். கொடுப்பதற்கு முன்னால் தானும் படித்து முடித்திருந்தான். பக்கமெல்லாம் ஏலக்காய் மணத்தது.

கதையில் ஓர் இளவரசன், ஓர் இளவரசி. இருவரும் நிலவைப் பார்த்தார்கள், அருவியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஒரு சண்டை கிடையாது, ஒரு வேளைப் பசி கிடையாது. உப்புச் சப்பில்லாத சோடி. போருக்குக் கிளம்பும்போது இளவரசன் குதிரைமேல் இருந்தபடி, “போகிறேன், தேவி” என்கிறான். அங்கேதான் சூர்யகலா புத்தகத்தை மூடினாள். மூடியவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

“பொண்டாட்டி மேல பிரியம் உள்ளவன் எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? வர்றேன்னுதான சொல்லுவான். இதுகளப் போயி யாரு சோடின்னு நம்புவா?”

சுருளி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தனக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னான். கை கழுவி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். மலைமேலேயே தங்கி வண்டி ஓட்ட ஓர் எஸ்டேட்டில் கூப்பிடுகிறார்களாம். மாதம் ஒருதரம் கீழே இறங்கலாமாம்.

“நான் இல்லாதப்ப ஒனக்குப் பொழுது போகணுமேன்னுதான் அத வாங்குனேன்” என்றான்.

அவள் “ஒங்க இஷ்டம்” என்றாள்.

(இந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டுத் தொடரப் பார்த்தாள். தாளில் அடிக்கலாம், சொன்னதை எங்கே அடிப்பது?)

3

மறுநாள் பகல் முழுக்க அந்தச் சோடியைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். இருவரையும் புத்தகத்திலிருந்து இறக்கிச் சுருளியின் ஜீப்பில் ஏற்றினாள். தூக்குவாளியோடு இருந்த தோட்டத்துப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இளவரசன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். மேகம் ஜீப்புக்குள் வந்து எல்லார் மடியிலும் உட்கார்ந்துகொண்டது. யாரும் அதை இறங்கச் சொல்லவில்லை.

ஒரு வளைவில் இளவரசிக்குக் குமட்டியது. ஜீப்பு நின்றது. அவள் ரோட்டோரம் குனிய, இளவரசன் ஓடிவந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். பட்டெல்லாம் பாழ். அவன் முகம் சுளிக்கவில்லை. சூர்யகலா அவர்களை முதல்முறையாக நம்பினாள்.

(அடிக்குறிப்பு: இதில் கற்பனை கம்மி. கல்யாணமான புதிதில் அதே மலையில் வாந்தி எடுத்தவள் அவள். நெற்றியைப் பிடித்த கை சுருளியுடையது. அந்தக் கையைத்தான் புத்தகம் பூராவும் தேடியிருக்கிறாள்.)

4

இன்று காலை அவள் அடுப்படியில் இருந்தாள். எஸ்டேட் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. தெருவில் ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. சுருளி வாசலிலிருந்து என்னவோ சொன்னான். முன்பாதியை ஜீப்பு விழுங்கிவிட்டது. பின்பாதி மட்டும் காதில் விழுந்தது.

றேன்.

வர்றேன் என்றாலும் போறேன் என்றாலும் எங்கள் ஊர்ப் பேச்சில் வால் ஒன்றுதான். அவள் ஓடிவந்தபோது தெரு காலியாக இருந்தது. போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை.

முடிவு ஒன்று: சாயங்காலம் ஜீப்புச் சத்தம் கேட்கிறது. அவள்…

முடிவு இரண்டு: மாதம் ஒருதரம்…

(இரண்டும் ஓடவில்லை. உட்கார்ந்து காத்திருக்கிற வேலையை அந்த இளவரசியே பார்க்கட்டும்.)

5

மலைமேலே போகும் ஜீப்பு ஒன்று தெருமுக்கில் நிற்கிறது. வளைவுகளை நினைத்தாலே வயிற்றைப் பிரட்டுகிறது. சூர்யகலா கதவைப் பூட்டிவிட்டாள். உங்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் ‘றேன்’ என்று முடியும் சொல்லை ‘அவள்’ சொல்ல முடியாது. அதை ‘நான்’தான் சொல்ல வேண்டும்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். முன்பாதி உங்கள் காதில் எப்படி விழுகிறதோ, அவர் சொன்னதும் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

……றேன்.