நாகேஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போனது

தில்லைநாதன் இருந்த காலத்தில் சனிக்கிழமை மாலை என்றால் நாகேஸ்வரிக்குத் தனிச் சந்தோஷம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் மாடிவீடு. கீழே கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும். அவர் தனக்கு ஒரு கிளாஸ் சாராயம் ஊற்றுவார்; மனைவியின் கிளாசில் கொஞ்சமாக விட்டு, மிச்சத்துக்கு ஜிஞ்சர் பியர் நிரப்பித் தருவார். "சொந்தக்காரருக்குத் தெரிஞ்சா உம்மைத்தான் பேசுவினம்" என்று சிரிப்பார். அதோடு சரி. பிறகு சாப்பாடு, கதை, நித்திரை.

அவர் மாரடைப்பில் போன பிறகும் அவள் அந்தச் சனிக்கிழமையை விடவில்லை. கிளாசை வைத்துக்கொண்டு பல்கனியில் இருந்தால் அவரும் பக்கத்தில் இருப்பது போலிருக்கும். நாளடைவில் வெள்ளியும் சனியாயிற்று. பிறகு எல்லா நாளும் சனியாயிற்று. ஜிஞ்சர் பியர் வாங்குவது நின்றே போயிற்று. சாராயக் கடையில் போய் நிற்க அவளால் முடியாது. வழமையாக வரும் ஓட்டோக்காரர் டெரன்ஸ்தான் போத்தலைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். விருந்தாளிகளுக்கு என்பாள். அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது டெரன்சுக்குத் தெரியும்.

ஒருநாள் பம்பலப்பிட்டியில் பாங்குக்கு முன்னால் ஓட்டோவால் இறங்கும்போது அவள் தள்ளாடி விழுந்தாள். காலைநேரம், வாயில் வாடை. டெரன்ஸ் தூக்கி இருத்தி, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா, இனி நான் போத்தல் வாங்கித் தரமாட்டன். கோவிக்க வேணாம். எங்கட கொட்டாஞ்சேனையில குடிய விடுற ஆக்கள் கூடுற கூட்டம் ஒண்டு நடக்குது. என்ட மச்சான் அங்க போய்த்தான் திருந்தினவர். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த கிழமையே வேறொரு ஓட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டாள். டெரன்சைச் சந்தியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் ஒரு விடியற்காலை, கட்டிலில் படுத்தபடி தில்லைநாதனின் குரலை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. முகம் வந்தது, படத்தில் இருக்கிற முகம். குரல் இல்லை. அவரோடு இருக்கத்தான் குடிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லி வந்தவளுக்கு அது பெரிய பயமாக இருந்தது. அன்றைக்கே டெரன்சுக்குப் போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டோவோடு வாசலில் வந்து நின்றார்.

கொட்டாஞ்சேனை அவளுக்குப் புதிய இடமில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்தது அங்கேதான், ஒரு சீமெந்துக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். இருவரும் கோட்டைப் பகுதியில் ஒரே கப்பல் கம்பனியில் வேலை. ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள். ஓட்டோ அந்தத் தெருவால் போனபோது அவள் எட்டிப் பார்த்தாள். சீமெந்துக் கடை போன் கடையாகியிருந்தது. மேலே அதே ஜன்னல்.

கூட்டம் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் எல்லோரும் ஆண்கள். தேத்தண்ணி ஊற்றிய மனிதர் அவளைக் கண்டதும் மரியாதையாக எழும்பி, குடும்பத்தாருக்கான கூட்டம் புதன்கிழமை என்றும், ஐயாவை மட்டும் உள்ளே விட்டால் போதும் என்றும் சொன்னார்.

"ஐயா இல்லை. எனக்காகத்தான் வந்தனான்" என்றாள் நாகேஸ்வரி.

மூலையில் இருந்த ஹமீட் என்ற வயதான முஸ்லிம் மனிதர் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க தங்கச்சி. நானும் ஊராக்கள் காணாம ரெண்டு பஸ் மாறித்தான் வாறன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அவளுடைய முறை வந்தபோது குடியைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்ததெல்லாம் அந்த ஒற்றை அறை. தண்ணி வராத நாட்களில் தில்லைநாதன் வாளியோடு படியேறி மூச்சு வாங்குவது. மழையில் ஒற்றைக் குடைக்குள் பஸ்ஸுக்கு ஓடுவது. சட்டை அயன் பண்ணும்போது அவர் தாளம் தப்பித் தேவாரம் பாடுவது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது. கொஞ்சம் மூக்கால் வரும் குரல். பேச்சை நிறுத்தி அழுதாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவருடைய திவசம் வந்த கிழமை மற்ற ஓட்டோக்காரரைக் கொண்டு ஒரு போத்தல் வாங்குவித்து முழுவதையும் குடித்தாள். கூட்டத்தில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அண்ணன் முறை வைத்து நாநா என்று கூப்பிடும் ஹமீட்டிடம் மட்டும் பிறகு சொன்னாள். ஹமீட் நாநா, தனக்கும் ஒரு நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் அப்படி நடந்தது என்றும், அடுத்த கூட்டத்துக்கு வந்ததுதான் தன்னைக் காப்பாற்றியது என்றும் சொன்னார். அவளும் தவறாமல் போனாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு பின்னேரம் அவள் தானாகவே ரொறன்ரோவிலிருக்கும் மகள் சாம்பவிக்குப் போன் எடுத்தாள். பின்னேரங்களில் அம்மாவின் பேச்சுக் குழறுவதால் அந்த நேரத்தில் மகள் அழைப்பதை எப்போதோ விட்டிருந்தாள். நாகேஸ்வரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அம்மா. கேட்டா நீங்கள் இல்லையெண்டு சொல்லிப்போடுவியள் எண்டு பயந்துதான் கேக்கேல்லை" என்றாள் சாம்பவி.

"ஓம் பிள்ளை, சொல்லியிருப்பன்" என்றாள் நாகேஸ்வரி.

பிறகு இருவரும் அப்பாவைப் பற்றிக் கதைத்தார்கள். மகள் பிறப்பதற்கு முந்திய கதைகள், அவள் கேட்டிராதவை. அங்கே விடிந்து வேலைக்கு நேரமாகிவிட்டது. "போனை வையாதேங்கோ அம்மா, நான் காருக்குள்ள இருந்து கேக்கிறன்" என்றாள் சாம்பவி.