வெட்டி எடுத்த மூச்சுகள்

பிறர் மூச்சை வெட்டித்தான் அவன் பிழைத்தான். கொலைத் தொழில் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டர். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பாடுகிறவர் காற்றை இழுப்பாரே, அதைக் கணினித் திரையில் தேடிப்பிடித்து நறுக்குவது அவன் வேலை. கேட்கிறவர்களுக்குப் பாட்டு வேண்டும்; பாடகருக்கு நுரையீரல் இருக்கிறது என்ற தகவல் வேண்டாம். கூடத்தில் அவனைக் கத்திரி என்பார்கள். அக்கா வைத்த பெயர்கள் வேறு. அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

அக்காவுக்கும் அவனுக்கும் பொதுச் சொத்தாக இருந்தது ஒன்றே ஒன்று: தூறல். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடி, முப்பதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த பெண். ரசிகர்கள் வைத்த பெயர் அது. சரியான பெயர். அந்தக் குரல் ஆளை முழுக்க நனைக்காது; நனையாமல் வீடு போய்ச் சேரவும் விடாது. பெரிய விஷயம் எதையும் அவள் எழுதியதில்லை. கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க மறந்தவள், பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வழியெல்லாம் வருந்துகிறவள், இப்படித்தான். கேட்கும்போது சிரிப்பு வரும். பாட்டு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் தொண்டையை அடைக்கும்.

அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடினாலோ இன்னும் மோசம். ஊரே குதித்து ஆடிய ஒரு பாட்டை வேகம் குறைத்து, இரண்டு கம்பியை மட்டும் மீட்டிப் பாடினாள். அது கைவிடப்பட்டவளின் புலம்பல் என்பது அதுவரை எழுதியவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு அசல் பாடகர் அதைப் பாடியபோதெல்லாம், சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் போலத் தெரிந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த நிறுத்தம். கடைசி ஆல்பத்தில் வரிக்கு நடுவே, சில இடங்களில் சொல்லுக்கு நடுவேகூட, சின்னதாக நின்று தொடர்வாள். மௌனத்தையும் மெட்டில் சேர்த்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் காப்பியடித்தார்கள். தேவையில்லாத இடத்திலெல்லாம் கரண்ட் போன மாதிரி நின்றார்கள். அக்கா மட்டும் நிற்கவேண்டிய விதத்தில் நின்றாள்.

அக்காவுக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை. வார இறுதி மாலைகளில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், கரண்டிச் சத்தத்துக்கு நடுவே தூறல் பாட்டுகளைப் பாடுவாள். சில மாதங்களாக அந்த நிறுத்தமும் அவளுக்குக் கைவந்திருந்தது. "இப்பதான்க்கா நீ அவளாவே ஆயிட்டே" என்று அவனே சொன்னான். அவனிடமிருந்து பாராட்டு என்பது சேவல் முட்டையிடுகிற கதை. அக்கா அதைப் பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

இப்போது தூறலின் நினைவாக அவள் பாட்டுகளையெல்லாம் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்கள். சுத்தம் செய்கிறவன் கத்திரி. கடைசியில் ரசிகர் ஒருவர் பாடிய பாட்டு ஒன்றும் சேர வேண்டும் என்று முடிவாகி, பல பேரைக் கேட்டுவிட்டு அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். போன வாரம் அதே கூடத்தில் நின்று அவள் பாடியபோது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரும் ஞாயிறு வெளியீட்டு விழா. அக்காவின் வாழ்நாளிலேயே பெரிய மேடை. பாடப் போவது அக்கா, புது ஷூ வாங்கியது அவள் வீட்டுக்காரர், மாமா.

வேலை தொடங்கியது. வழக்கமாக வெட்டிய மூச்சை அப்படியே அழித்துவிடுவான். இந்த முறை கை வரவில்லை. செத்தவளின் மூச்சு. திரையில் கீழே காலியாக ஒரு ஒலித்தடம் போட்டு, அதற்குக் குப்பை என்று பெயர் வைத்து, வெட்டியதையெல்லாம் வரிசையாக அங்கே தள்ளினான். கடைசிப் பாட்டும் முடிந்தது. ஏதோ ஆர்வத்தில் பாட்டை அணைத்துவிட்டுக் குப்பையை மட்டும் ஓட விட்டான்.

முதல் ஆல்பத்து மூச்சுகள் நிறைந்து வந்தன, ஜன்னலைத் திறந்தவுடன் வருகிற காற்று மாதிரி. போகப் போக அவை நெருங்கின. குட்டையாயின. கடைசி ஆல்பத்தில் ஒரே மூச்சே இரண்டு மிடறாக வந்தது. சொற்களைக் கழுவிவிட்டபோது மிஞ்சியது, கைநிறையச் சுமையோடு ஒரு பெண் படியேறுகிற சத்தம். எங்கேயும் இறக்கி வைக்காமல் ஏறிக்கொண்டே இருந்தாள்.

அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்பதும், தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது என்பதும் எல்லோரும் அறிந்த கதை. அந்த நிறுத்தம் அழகு என்பதும் எல்லோரும் அறிந்ததே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும்தான்.

அக்காவின் நிறுத்தம் ஞாபகம் வந்தது. அக்கா செய்வது வெறும் காப்பிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் மறுநாள் சாப்பாட்டு வேளை வரைக்கும் தாங்கியது.

அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஈரத் தட்டைக் கொண்டுபோய் மேடைக்காக அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த உடையின்மேல் வைத்தான். அக்காவின் திட்டு அந்தக் கட்டடத்திலேயே பிரசித்தம். தொடங்கினால் கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. அவள் முதல் வார்த்தையை எடுக்கும்போது உள்ளே போனால் குளித்துவிட்டே வரலாம் என்பார் மாமா.

"ஏண்டா, கண்ணு முன்னாடிதானே இருக்கு, இல்ல கண்ணையும் கத்தரிச்சுக் குப்பையில போட்டுட்டியா, ஞாயித்துக்கிழமை நான் எதைடா மாட்டிக்கிட்டு நிப்பேன், உன் மண்..."

நின்றாள். காற்றை இழுத்தாள். இரண்டு மிடறு.

"...டையையா?"

மாமா சிரித்தார். "பாத்தியா மாப்ளே, திட்டுறதுகூட தூறல் ஸ்டைலு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போன பாடகியின் பாணியில் தம்பியைத் திட்டுகிற அக்கா உலகத்தில் உண்டா? அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அக்கா பாதியில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. படுக்கையில் அவள் பக்கம் மட்டும், உட்கார்ந்தபடியே தூங்குகிறவளுக்குப் போல, தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

டாக்டரைப் பார்க்கலாமா என்று மெல்ல ஆரம்பித்தான். வாயு என்றாள். ஊருக்கே மருந்து எடுத்துக் கொடுப்பவளுக்குத் தன் உடம்பு தெரியாதா என்றாள். கடைசியில் நிஜத்தைச் சொன்னாள்: எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம். டாக்டர் ஏதாவது சொல்லி வைத்தால் மேடை போய்விடும், இத்தனை வருஷம் கரண்டிச் சத்தத்தில் பாடியது போதும். அக்காவிடம் வாதாடுவது மின்விசிறிக்குப் புத்தி சொல்வது போல. தலையை ஆட்டும், சுற்றுவதை நிறுத்தாது.

அதனால் பொய் சொன்னான். வேலை முடிகிற கட்டம், உன் காது வேண்டும் என்றதும் மறுநாள் மதியமே கூடத்துக்கு வந்துவிட்டாள், மாமாவையும் இழுத்துக்கொண்டு. திரையை அவள் பக்கமிருந்து திருப்பி வைத்துவிட்டு, ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினான். குப்பையை ஓட விட்டான்.

முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு புரிந்துகொண்டாள். புரிந்ததும் அவளுக்கு ஒரே குஷி. பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். இது துணிக்கொடிப் பாட்டு. இது ஜன்னலோரம். இது அந்த ஆட்டப் பாட்டு, இரண்டாம் சரணத்துக்கு முன்னால். ஒன்றுகூடத் தப்பவில்லை. வார்த்தையே இல்லாமல் வெறும் காற்றைக் கேட்டுப் பாட்டைச் சொல்கிற அளவுக்கு ஒருத்தியை நேசித்திருக்கிறாள்.

மூச்சுகள் நெருங்க நெருங்க அவள் விரல் இறங்கிவிட்டது. கடைசியாக ஒன்று வந்தது. கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது கடைசிப் பாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பாடினது. பாவம்டா, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா. கூட இருந்தவங்களுக்குக் காது இல்லையா?"

அவன் ஓட்டத்தை நிறுத்தினான். தொண்டை அடைத்தது, கழுவப் பாத்திரமும் இல்லை.

"ஏண்டா பேசாம இருக்க? தப்பா சொல்லிட்டேனா?"

"அது நீக்கா. போன வாரம் இங்க நின்னு பாடினது."

மாமாவின் புது ஷூ ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. திருப்பிப் போடச் சொன்னாள். போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள். திட்டு வரும் என்று காத்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை எதிர்பார்த்துக் காத்திருந்தான். வரவில்லை. செருப்பைத் தேடி மாட்டினாள். குனிந்து, இல்லாத வாரைத் தொடப் போனவள், அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே மருத்துவரின் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரோ விட்டுப்போன குடை ஒன்று. அக்கா தனியாகத்தான் உள்ளே போவேன் என்று போனாள். மாமா ஷூவை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவன் எழுந்துபோய்க் கதவருகில் நின்றுகொண்டான். காதை வைத்துப் பிழைக்கிறவனுக்குக் கதவு ஒரு தடையில்லை.

மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார் மருத்துவர். இழுத்தாள். விடச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார். இனி இழுக்க வேண்டாம், சாதாரணமாக மூச்சு விட்டபடி உட்காருங்கள் என்றார். அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை. எத்தனையோ அமைதிகளை அளந்து வெட்டியவன் அவன். எந்தப் பாட்டிலும் இவ்வளவு நீளமாக ஒன்றை விட்டுவைத்ததில்லை.

மறுபடி குரல் கேட்டபோது அது அக்காவுடையது. கதவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"டேய், வெளிய நின்னு ஒட்டுக் கேக்காத, உள்..."

நின்றது.

கையைக் கதவின் பிடியில் வைத்தபடி அந்த மீதிக்காகக் காத்திருந்தான். பின்னால் மாமா எழுந்து நிற்பது ஷூ சத்தத்தில் தெரிந்தது.

"...ள வா."

உள்ளே போனான். ஸ்டெதஸ்கோப்பை அவள் மார்பிலிருந்து மருத்துவர் இன்னும் எடுக்கவில்லை.