கிழிக்கச் சொன்ன தாள்

மாமன் சின்னண்ணன் இரண்டாம் முறை ரசம் கேட்டபோது படலுக்கு வெளியே ஒரு பிச்சைக்காரர் வந்து நின்றார். அம்மா எட்டிப் பார்த்து, "இருப்பா, இன்னும் ஊட்டுல ஆரும் உண்டு முடிக்கல. அப்புறமாப் போடறேன்" என்றாள். அவர் பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மாவின் குரலில் கடுமை இல்லை. மோகனூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எனக்கு அதற்கு மேல் ஒரு பருக்கைகூட இறங்கவில்லை.

மாமனும் அத்தை பாவாயியும் தங்கள் மகள் சௌந்திரத்தை எனக்குக் கொடுப்பது பற்றி முடிவு சொல்ல வந்திருந்தார்கள். நான் ரங்கூன் அரிசி ஆலை ஒன்றில் மூன்று வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, ஜப்பான்காரன் குண்டு விழுந்தபின் நடந்தே தப்பி வந்தவன். வந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த மூன்று வருடமும் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் சௌந்திரம் ஏதாவது சொல்லித் தட்டிவிட்டாளாம். அதை அம்மா சொன்ன நாளிலிருந்து இந்த ஆவணிக்காகக் காத்திருந்தேன்.

கை கழுவி வந்ததும் மாமன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். "பர்மாவப் பத்தி என்னமோ நோட்டு எழுதி வெச்சிருக்கறீங்களாமா. படிங்க மாப்ள, கேப்போம்."

ரங்கூனில் தமிழர்கள் நடத்திய மாலை வகுப்பில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். தேதி, இடம், கண்ணால் கண்டது. அவ்வளவுதான். 'அழகு' என்று எழுதினால் ஆசிரியர் கோடு போட்டு அடித்துவிடுவார். என் நோட்டில் அவர் அடிக்க வேண்டிய இடம் அதிகம் இருந்ததில்லை. அந்த ஊரில் எனக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. அதைத்தான் வரிசையாக எழுதியிருந்தேன்.

முதலில் ஙாப்பியைப் படித்தேன். மீனை உப்பிட்டு நாள் கணக்கில் அழுகவிட்டு இடித்து வைக்கும் விழுது. தெருமுனையில் பானை திறந்தால் வீட்டுக்குள் சட்டை நாறும்.

"கருமம்!" என்றாள் அத்தை. "அத நாயி திங்குமா?"

"நாயும் அதத்தான் திங்குதுங்க."

மாமன் வயிறு குலுங்கச் சிரித்தார். பெண்கள் முழ நீளச் சுருட்டுப் பிடிப்பதைப் படித்தேன். "ஏனுங்க, நாமளும் ஒண்ணு வாங்கிப் பாப்பமா?" என்று அத்தை மாமனை இடித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. பானைக்குள் புழு நெளிந்தது என்று நோட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்துப் படித்தேன். மூக்கைக்கூடப் பிடித்துக் காட்டினேன். கண்டதை மட்டும் எழுதியவன் காணாததைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பௌத்த பிக்குகளின் பிச்சைப் பாத்திரம். விடியற்காலையில் வரிசையாக வருவார்கள். சோறு, மீன், மாம்பழம், வெல்லப் பணியாரம் எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழும். கழுநீர்த் தொட்டி போல இருந்தது என்று எழுதியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டுக்காரி டோ தெய்ன் ஒரு விதவை. இருட்டோடு எழுந்து சமைப்பாள். முதல் அகப்பை பிக்குவுக்கு. அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய் நனைக்க மாட்டார்கள். ஒருநாள் தங்கைக்குப் பிரசவம் என்று போனவள், என்னைச் சமைத்துப் போடச் சொல்லியிருந்தாள். நான் தூங்கிவிட்டேன். எழுந்ததும் ராத்திரிச் சோற்றை நான் உண்டு, பானையில் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்து பிக்குவின் பாத்திரத்தில் போட்டேன். தருமம் செய்த நிறைவோடுதான் போட்டேன். அவர் முகம் மாறவில்லை. மூடியை மெல்ல வைத்து மூடிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த டோ தெய்ன் நான் சொன்னதைக் கேட்டுத் திட்டவில்லை. வாசற்படியை மூன்று தரம் கழுவினாள். ஙாப்பிப் பானையை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தாள். உங்கள் ஊரில் வேண்டாததைத்தான் கொடுப்பீர்களா என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

இதைப் படிக்கும்போது நான் மூக்கைப் பிடித்துக் காட்டவில்லை. அத்தை அதைக் கவனிக்கவில்லை.

"சோறு போட்டதுக்கா கோவிச்சுக்கிட்டா? கொழுப்புங்க அவளுக்கு!"

"அவனுக்குப் பிச்சை, அதுல பழசென்ன புதுசென்ன?" என்றார் மாமன். "படிங்க மாப்ள."

அடுத்த தாளைத் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தாண்டியிருந்தால் அன்றே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். ஏன் படித்தேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. துணிச்சல் அல்ல. காணாத புழுவைப் படித்துவிட்டுக் கண்டதை விடுவது குமட்டியது, அவ்வளவுதான்.

தப்பி வரும் வழி, புரோம் ஊருக்கு மேற்கே மலைப்பாதை. நான்காம் நாள். வழியெல்லாம் ஈ மொய்க்கும் பிணங்கள். ஒரு சின்ன மடத்தின் முன் விழுந்துவிட்டேன். கிழ பிக்கு ஒருவர் உண்ண உட்கார்ந்திருந்தார். வாய் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார். பல வீட்டுச் சோறு, ஙாப்பி, நசுங்கிய வாழைப்பழம். நான் பாத்திரத்தோடு முகம் வைத்துத் தின்றேன். விரலால் வழித்து நக்கினேன். தின்று முடித்தபின்தான் சூரியன் உச்சியைத் தாண்டியிருந்ததைப் பார்த்தேன். உச்சி தாண்டினால் அவர்கள் மறுநாள் வரை உண்ண மாட்டார்கள். அவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பெரிய ஞானம் எதுவும் எனக்குக் கிடைத்ததாகச் சொல்லத் தெரியவில்லை. வயிறு நிறைந்தது. அழுதேன். இரண்டையும்தான் எழுதியிருந்தேன்.

மாமனின் கையில் சுண்ணாம்பு தடவிய வெற்றிலை அப்படியே இருந்தது.

"அந்தப் பிச்ச ஓட்டுலயே வாய வெச்சா தின்னீங்க?"

"ஆமாங்க மாமா."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமன் வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தணித்தார். அதில் கோபம் இல்லை. என் மேல் உண்மையான அக்கறைதான் இருந்தது.

"பசிக்குத் தின்னது பாவமில்லீங்க மாப்ள. நானா இருந்தாலும் தின்னிருப்பன். அத எதுக்கு எழுதி வெச்சீங்க? நாளைக்கு பங்காளிக எடுத்துப் படிச்சா எம்புள்ளைக்குத்தான் கேவலம். அந்த ஒரு தாளக் கிழிச்சுப் போடுங்க. தையில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

"அந்த ஒண்ணு மட்டுந்தானுங்களா?"

"மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சிரிப்பா."

அம்மா உள்ளிருந்து வந்து என் தோளைத் தொட்டாள். "கிழிச்சுப் போடு சாமி. ஒரு தாளுதானே. அந்தப் புள்ள மூணு வருசமா உனக்காவ இருந்திருக்குது."

தாளின் மேல் மூலையைப் பிடித்தேன். தையல் ஓரம் ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது. மழையில் நனைந்து காய்ந்த நோட்டு. இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். சௌந்திரத்திடம் ஒருநாள் இதைச் சொல்ல முடியுமா, சொன்னால் அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உண்டாச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அம்மா சமையற்கட்டுக்குள் போனாள். அகப்பை பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். பூவரச மரத்தடியில் இருந்தவர் எழுந்து வந்து, படலுக்கு மேலே கையை உயர்த்தி, தகரக் குவளையை நீட்டினார்.

மூடிக்கொண்டு போக அதற்கு மூடி இல்லை.