முதலில் டிராக்டர்

பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கேட்டுக்கு வெளியே அன்று காலை இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் முறைத்துக்கொண்டு நின்றன. ஒன்று, சென்னையிலிருந்து புதுக் கம்ப்யூட்டர்களை ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி. இன்னொன்று, குன்னம் பக்கமிருந்து வந்த டிராக்டர். அதன் டிரெய்லர் நிறைய உடைந்த மானிட்டர்கள், கருகிய கீபோர்டுகள், பாதி எரிந்த வயர்ச் சுருள்கள். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் தெருமுனை வரைக்கும் அடித்தது.

ஸ்டோர் ஆபீசர் சோபியா வந்து டிரெய்லரை எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது. மானிட்டர்களின் முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயரும் துறையின் பெயரும் ஸ்டாக் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தன. நம் ஊர்க் கல்லூரிகளில் பெயிண்டில் பெயர் எழுதாத நாற்காலியைக் கூடப் பார்க்க முடியாது. வாங்கிய அன்றே எழுதிவிடுவார்கள். கள்ளத்தனமாகத் தள்ளிவிடும்போது அதைச் சுரண்டிவிட வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றாது. இவ்வளவு படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்த லட்சணம்.

டிராக்டரிலிருந்து நாலைந்து பெண்களோடு இறங்கிய பெரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி பருத்தியை எடுத்து சோபியாவின் கையில் திணித்தாள். அது அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது.

"பாரும்மா. எங்க காட்டுக்குப் பக்கத்து ஓடையில ஒங்க சாமானக் கொண்டாந்து போட்டுக் கொளுத்துறானுவ. செம்ப மட்டும் உருவிக்கிட்டு மிச்சத்த அப்புடியே போட்டுட்டுப் போயிட்டானுவ. வெடிச்ச பருத்தி பூராம் இந்தக் கதிதான். ஏவாரி தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்குறான். ஒங்க பேருதான எழுதியிருக்கு? நீங்களே வச்சுக்குங்க."

சோபியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர்களை அனுமதி பெற்ற மறுசுழற்சிக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னவள் அவள். புதியது வாங்கும்போதே, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்கலாம் என்றும் சொன்னாள். ரெஜிஸ்ட்ரார் அன்பழகன் அந்த நிபந்தனையை அடித்துவிட்டு, அதிக விலை சொன்ன காயலான் கடைக்காரனிடம் பழையதில் முதல் லோடைத் தள்ளிவிட்டார். சோபியாவின் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தர ஆணை அதே அன்பழகனின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதனால் அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

லாரியோடு வந்த கம்பெனி ஆள் பிரேம்குமார் அவசரப்பட்டான். "மேடம், ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா சரக்க எறக்கிட்டுக் கெளம்பிடுவோம்."

"போறப்ப லாரி காலியாத்தானே போவும்?"

"ஆமா மேடம்."

"லேப்ல இன்னும் பழைய மிஷினுங்க கெடக்கு. ஏத்திக்கிட்டுப் போங்க. பழச எடுத்துக்குவோம்னு ஒங்க விளம்பரத்துலயே போட்டிருக்கீங்க. மொறையா எடுத்துக்குறோம்னு ஒங்க கம்பெனியிலேர்ந்து எழுத்துல வரட்டும். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

பிரேம்குமார் தலையைச் சொறிந்தான். போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

அதற்குள் தகவல் போய், அன்பழகன் காரில் வந்து இறங்கினார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"இந்தக் குப்பைய யாரு உள்ள விடச் சொன்னது?"

"இன்னும் விடல சார். இனிமேதான் விடப்போறேன்."

"வெளையாடுறியா? வித்தாச்சு. வித்த பொருளுக்கு நாம பொறுப்பில்ல. எங்கியாச்சும் கொண்டுபோயிக் கொட்டச் சொல்லு."

"எங்கியாச்சும்னா எங்க சார்? நாம கண்டவங்ககிட்ட வித்ததாலதான் அது அவங்க பருத்தியில வந்து ஒக்காந்திருக்கு. எரிச்சது அவன்னாலும், எடுத்துக் குடுத்தது நாமதான்."

அன்பழகன் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்துவதை விட அது மோசம். "ஒன்னோட பர்மனென்ட் ஆர்டர் யாரு டேபிள்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

சோபியாவுக்குப் பயம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஏலாக்குறிச்சியில் இருக்கும் அம்மாவிடம், அடுத்த மாதம் ஆர்டர் வந்துவிடும் என்று நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தாள். ஆனால் கையிலிருந்த பருத்தி விரலையெல்லாம் கரியாக்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பயத்தைத் தள்ளிக்கொண்டு ஆத்திரம் வந்தது. இன்னொரு தடவை வாயை மூடிக்கொள்வதற்கு ஒரு ஆர்டர் வேண்டுமா?

"நல்லா ஞாபகம் இருக்கு சார். கிழிச்சுப் போட்டுடுங்க."

பெரியம்மாளுடன் வந்திருந்த பெண்கள் இவளையே பார்த்தார்கள். அன்பழகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்!"

"நாளையிலேர்ந்துதானே சார்? இன்னைக்கு ஸ்டோர் என் பொறுப்பு." அவள் வாட்ச்மேன் முருகையனின் பக்கம் திரும்பினாள். "முருகையண்ணே, லாரியப் பின்னால எடுக்கச் சொல்லுங்க. மொதல்ல டிராக்டர் உள்ள வரட்டும்."

முருகையன் ரெஜிஸ்ட்ராரைப் பார்த்தார். சோபியாவைப் பார்த்தார். பிறகு கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார். டிராக்டர் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

"எங்கம்மா எறக்குறது?" என்று பெரியம்மாள் கேட்டாள்.

"அனுமதி உள்ள கம்பெனிக்காரங்க வந்து எடுக்குற வரைக்கும் மழத்தண்ணி படாத எடமா இருக்கணும்க்கா." சோபியா நிர்வாகக் கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "அதோ, சார் கார் நிறுத்துற போர்டிகோ. நெறைய எடம் இருக்கு."