பவுனு விட்டுப்போன வேலை

விடியுமுன்பே வேணி வேதியியல் கூடத்தின் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அமில நெடி தொண்டையைக் கவ்வியது. ஈரத்தில் முட்டிகள் மரத்துப்போயின. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பினாள். யாருமில்லை.

இந்தக் கட்டடத்தில்தான் பவுனு செத்தாள். தண்ணீர் மோட்டாரைப் போடப் போனவளை மின்சாரம் இழுத்துக்கொண்டது. காலியான அந்த இடத்துக்குத்தான் வேணியை எடுத்தார்கள். திண்டிவனத்தை ஒட்டிய அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை கேட்டு அவள் பலர் வாசலில் நின்றவள். "யூனிவர்சிட்டி வேலையாமே!" என்று ஓமந்தூரில் எல்லாரும் வாய் நிறையக் கேட்டபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பவுனுவின் நீலச் சீருடையையே துவைக்காமல் கொடுத்திருந்தார்கள். அதன் பையில் காய்ந்த வெற்றிலைக் காம்பு ஒன்று கிடந்தது. எறிய மனம் வரவில்லை.

"வேணி, தொட்டியில தண்ணி இல்ல. ஜல்தியா மோட்டாரப் போடு" என்றார் விடிந்ததும் கட்டடங்களைப் பார்வையிட வந்த எஸ்டேட் ஆபீசர் அரங்கநாதன்.

மோட்டார் அறைக்கு அவளோடு அவரும் வந்தார். அதே சுவிட்சு. கருகிய ஒயர்மேல் கறுப்பு டேப் மட்டும் புதிது. கை நீண்டது. 'தொடாதடி' என்று காதருகே பவுனுவின் குரல். வேணி கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் போட மாட்டேங்க சார். ரிப்பேர் பண்ணுங்க. பவுனக்கா செத்த எடம் இது."

"யாரு பவுனு? அவ காண்ட்ராக்ட்காரன் ஆளு. இங்க வேலையே செய்யல. நீயும் அப்படித்தான். இஷ்டமில்லன்னா போ, வெளிய ஆயிரம் பேரு நிக்கிறாங்க."

வேணி அவரை நேராகப் பார்த்தாள். செத்தவளை இன்னொரு முறை சாகடிக்கிறார்கள்.

"யாருமே வேலை செய்யலன்னா, இம்மா நாளு உங்க கக்கூச யாரு கழுவனாங்க?"

மோட்டார் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாழ்வாரம் பெருக்கிக்கொண்டிருந்த லட்சுமியம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். தோட்ட வேலை சேட்டுவும் வந்தார்.

மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் நடத்தும் அறிவுச்செல்வன் அந்த வழியாக வந்தான். ஓமந்தூர்க்காரன்தான், முனைவர் பட்டம் வாங்கியவன். அன்று அவனுக்கு மாடியில் நிரந்தர வேலைக்கான நேர்காணல்.

"பவுனக்காவ யாருன்னு கேக்குறாங்க. நீ போ தம்பி. எங்களோட நின்னா பேஜாராயிடும்" என்றாள் வேணி.

அவன் மாடியைப் பார்த்தான். போய்விடத்தான் கால் எடுத்தான். பிறகு நின்றான்.

"போன மாசம் எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேர நிறுத்திட்டாங்கக்கா. கேட்டதுக்கு, அவங்களையும் 'யாரு'ன்னுதான் கேட்டாங்க."

தேய்த்துப் போட்ட சட்டையோடு மண்ணில் உட்கார்ந்தான்.

அரங்கநாதனுக்கு முகம் சிவந்தது. "உங்கள்ல யாரு தலைவரு?"

"தலைவரெல்லாம் இல்லீங்க" என்றாள் வேணி. "கரண்டுக்காரரக் கூட்டிக்கினு வாங்க. பவுனக்கா இங்கதான் வேலை செஞ்சாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

அவர் தன் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. விடுதிச் சமையல் பெண்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்கள். வேணி நகர்ந்து இடம் விட்டாள்.